4294967295: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

பென்டிரைவில் இடம் தாராளமாக இருக்கும். ஆனாலும் ஒரு பெரிய வீடியோவைக் காப்பி செய்யப் போனால் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று கணினி கைவிரித்துவிடும். பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பின் அளவு அதிகபட்சம் 4294967295 பைட் வரைதான் இருக்கலாம். அதற்கு மேல் ஒரே ஒரு பைட் கூடினாலும் எடுத்துக்கொள்ளாது.

நம் முறையில் காற்புள்ளி போட்டால் 4,29,49,67,295. வாய்விட்டுச் சொன்னால் நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்த எண் போல இருக்கிறது. நானூறு கோடி என்று ஒரு முழு எண்ணை வைத்திருக்கலாமே, இதென்ன கணக்கு?

பெரிய எண் என்றதும் நாம் முதலில் பார்ப்பது அது எவ்வளவு பெரியது என்பதைத்தான். கணிதக்காரர்களுக்கு அது பெரிதாகப் படுவதில்லை. அந்த எண் எதனால் ஆனது, எதனால் வகுபடும், அக்கம்பக்கத்து எண்களோடு அதற்கு என்ன உறவு என்பதையே அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்க இதைவிட நல்ல எண் கிடைப்பது கடினம். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும், உள்ளே போய்விடலாம்.

எல்லா இடத்திலும் 1

கணினி எண்களை இரும முறையில் எழுதி வைக்கிறது. நம் பத்தடிமான முறையில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இடமதிப்பு பத்துப் பத்தாகப் பெருகும். இரும முறையில் 1, 2, 4, 8, 16 என்று இரண்டிரண்டாகப் பெருகும். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 மட்டுமே வரலாம். அந்த இடம் ஒவ்வொன்றுக்கும் பிட் என்று பெயர்.

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியில் ஐந்து இடங்கள் இருந்தால் 99999 வரைதான் ஓடும். அடுத்த கிலோமீட்டரில் 00000 ஆகிவிடும். கணினியில் ஓர் எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கினால் அதே கதை. எல்லா 32 இடங்களிலும் 1 நிற்கும்போது வருவதுதான் அதன் உச்சம். 1 + 2 + 4 + 8 என்று 32 இடமதிப்புகளையும் கூட்டினால் 4294967295. அதாவது 2³² − 1. ஃபேட்32 முறையில் கோப்பின் அளவை எழுதி வைக்க ஒதுக்கியிருப்பது இந்த 32 பிட்தான்.

உச்சத்தில் இருக்கும்போது இன்னும் ஒன்றைக் கூட்டினால் எல்லாம் சுழன்று 0 ஆகிறது. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம் வரும் எண் எது? நாம் படித்தவரை −1. அதனால்தான் கணினிக்குள் 32 பிட்டில் −1 என்பதும் 4294967295 என்பதும் ஒரே உருவத்தில் இருக்கின்றன. நிரல் எழுதுகிறவர்கள் எங்காவது திரையில் திடீரென்று 4294967295 என்று பார்த்தால், ‘எங்கேயோ −1 வந்திருக்கிறது’ என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சுழற்சி வெறும் வேடிக்கையாகவே முடிவதில்லை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவினாடி ஆனது என்று எண்ண ஒரு 32 பிட் எண்ணி இருந்தது. 2³² மில்லிவினாடி என்பது 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 வினாடி சொச்சம். அவ்வளவு நாள் தொடர்ந்து ஓடினால் கணினி உறைந்துபோகும். 2004 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் விமானிகளோடு பேசும் ரேடியோ அமைப்பே நின்றுபோனதற்கும் இதே 49.7 நாள் கணக்குதான் காரணம். முப்பது நாளுக்கு ஒருமுறை அதை நிறுத்தி இயக்க வேண்டும் என்பது விதி. அந்த முறை யாரும் செய்யவில்லை.

1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் அமைப்புகள் இன்றும் உண்டு. அவற்றில் ஒரு பிட்டைக் குறை எண்களுக்காக ஒதுக்கியிருந்தால் 2038 ஜனவரி 19 காலை 8:44:07 மணிக்கு (இந்திய நேரம்) இடம் தீர்ந்துவிடும். ஒதுக்காமல் முழு 32 பிட்டையும் பயன்படுத்தினால் 2106 பிப்ரவரி 7 வரை ஓடும்.

கணினிக் கதை இதோடு போதும். இனி எண்ணுக்குள் போவோம்.

உடைத்துப் பார்த்தல்

ஒரு முழு எண்ணின் குணத்தை அறிய முதலில் செய்வது அதைப் பகா எண்களாகப் பிரிப்பது. தன்னாலும் 1ஆலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7, 11 போன்றவை பகா எண்கள். 1ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும்.

நம் எண் 5இல் முடிகிறது. எனவே 5ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 4+2+9+4+9+6+7+2+9+5 = 57. 57 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே எண்ணிலும் ஒரு 3 இருக்கிறது, இரண்டு இல்லை. 3ஆலும் 5ஆலும் வகுத்துவிட்டால் மிஞ்சுவது 286331153.

இதற்கு மேல் 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் நேரம்தான் போகும். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஒரு முற்றொருமை இங்கே வேலையை முடித்துவிடுகிறது. ஒரு வர்க்கத்திலிருந்து 1ஐக் கழித்தால், அந்த வர்க்கமூலத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கிய விடை வரும். 10² − 1 = 9 × 11 என்பது போல.

நம் எண் 2³² − 1. இதில் 2³² என்பது 65536இன் வர்க்கம். எனவே,

4294967295 = 65535 × 65537

65535ஐப் பாருங்கள். அது 256² − 1. எனவே 255 × 257. அந்த 255 என்பது 16² − 1. எனவே 15 × 17. அந்த 15 என்பது 4² − 1. எனவே 3 × 5. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

பத்து இலக்க எண் ஒன்று, கால்குலேட்டர் இல்லாமல், நான்கே வரியில் பிரிந்துவிட்டது. ஐந்து காரணிகளுமே பகா எண்கள். 65537 பகா எண்தானா என்று மட்டும் கொஞ்சம் சந்தேகம் வரும். அதைப் பின்னால் சரிபார்ப்போம்.

இந்த ஐந்துக்கும் ஒரே சாயல். ஒவ்வொன்றும் 2இன் ஒரு அடுக்கைவிட ஒன்று கூட: 2+1, 4+1, 16+1, 256+1, 65536+1. ஒவ்வொரு படியிலும் முந்தைய அடுக்கை வர்க்கப்படுத்தி 1ஐக் கூட்டினால் அடுத்தது வரும்.

இப்போது எண்ணை இந்த ஐந்தாலும் தனித்தனியாக வகுத்து, விடையை இரும முறையில் எழுதிப் பார்த்தால் ஓர் அழகான காட்சி கிடைக்கும். எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

3ஆல் வகுத்தால் 1431655765. இருமத்தில் 01 01 01 01 என்று கடைசிவரை ஒன்றுவிட்டு ஒன்று.
5ஆல் வகுத்தால் 858993459. இருமத்தில் 0011 0011 0011 என்று இரண்டிரண்டாக.
17ஆல் வகுத்தால் 252645135. இருமத்தில் 00001111 00001111 என்று நான்கு நான்காக.
257ஆல் வகுத்தால் 16711935. எட்டுப் பூச்சியம், எட்டு ஒன்று, மறுபடி அதே.
65537ஆல் வகுத்தால் 65535. பதினாறு பூச்சியம், பதினாறு ஒன்று.

பத்தடிமான முறையில் தலையும் வாலும் புரியாத 858993459 போன்ற எண்கள் இருமத்தில் கோலப் புள்ளி போல ஒழுங்காக நிற்கின்றன. காரணம் எளிது. 17ஆல் பெருக்குவது என்றால் எண்ணை 16 மடங்காக்கி, அதோடு அதையே ஒருமுறை கூட்டுவது. 16 மடங்காக்குவது என்றால் இருமத்தில் நான்கு இடம் இடப்பக்கம் தள்ளுவது. 00001111 என்று வரும் எண்ணை நான்கு இடம் தள்ளிப் பழையதோடு கூட்டினால் காலியாக இருந்த நான்கு இடங்களும் 1 ஆகிவிடும். எல்லா இடத்திலும் 1 நிற்கும். மற்ற நான்குக்கும் இதே காரணம்தான். இந்த ஐந்து எண்களையும் நிரலாளர்கள் ஒரு 32 பிட் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று சட்டென்று எண்ணுவதற்கு வைத்திருக்கிறார்கள்.

சில குணங்கள், சுருக்கமாக

ஐந்து பகாக் காரணிகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஆக 2 × 2 × 2 × 2 × 2 = 32 வகுத்திகள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 4294967295இல் முடியும் பட்டியல் அது. 32 பிட் எண்ணுக்கு 32 வகுத்திகள் என்பது தற்செயல் இல்லை என்று கடைசியில் தெரியும்.

இந்த வகுத்திகளில் எண்ணைத் தவிர்த்து மற்ற 31ஐயும் கூட்டினால் 3009636033 வரும், எண்ணைவிடக் குறைவு. 6க்கு 1 + 2 + 3 = 6 என்று சரியாக வருவது போல இதற்கு வராது.

வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாமா? 8ஆல் வகுத்தால் 7 மீதி வரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. நம் எண் அந்த வகை. ஆனால் எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவிவிட்டார். இதற்கு ஒரு வழி: 65535² + 362² + 5² + 1². கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

முக்கோண எண்ணா என்ற கேள்விக்கு விடை தேடினால் நம் ஊர்க்காரர் ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். 1, 1+2, 1+2+3 என்று கூட்டி வருபவை முக்கோண எண்கள்: 1, 3, 6, 10, 15, 21. இதில் 1, 3, 15 மூன்றும் நம் எண்ணின் உறவுகள். ‘2இன் அடுக்கு கழித்தல் 1’ என்ற வடிவம் கொண்டவை. இந்த வடிவத்தில் 4095ம் முக்கோண எண், ஏனென்றால் 1 முதல் 90 வரை கூட்டினால் 4095. அப்படியானால் 4294967295?

எந்த முக்கோண எண்ணையும் 8ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் ஒரு வர்க்கம் வரும். 15க்கு 121, அதாவது 11². நம் எண்ணை 8ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் 2³⁵ − 7. ஆக, 2³⁵ − 7 ஒரு வர்க்கமா என்பதே கேள்வி. 1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் இதைத்தான் பொதுவாகக் கேட்டிருந்தார். 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது வர்க்கம் கிடைக்கிறது: 1, 9, 25, 121, 32761. வேறு ஏதாவது உண்டா? இல்லை என்று 1948இல் நார்வேயைச் சேர்ந்த நாகெல் நிறுவினார். 35 அந்தப் பட்டியலில் இல்லை. எனவே 4294967295 முக்கோண எண் அல்ல. 4095க்குப் பிறகு இந்த வடிவத்தில் எந்த எண்ணுமே முக்கோண எண்ணாக முடியாது. ஒரு வாசகர் கேள்வியாக வந்த ஐந்து எண்கள், விடைக்கு 35 ஆண்டு காத்திருந்தன.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. இரண்டு எண்களுக்கு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லையென்றால் அவற்றைச் சார்பகா எண்கள் என்போம். 15க்கு, 1 முதல் 15 வரை சார்பகா எண்கள் எவை? 1, 2, 4, 7, 8, 11, 13, 14. மொத்தம் எட்டு. அடுத்த எண் 16க்கு எவை? ஒற்றைப்படை எண்கள் எல்லாம், அதுவும் எட்டு. நம் எண்ணிலும் இதே ஒற்றுமை. பகாக் காரணி ஒவ்வொன்றிலும் 1ஐக் குறைத்துப் பெருக்கினால் சார்பகா எண்களின் எண்ணிக்கை வரும்: 2 × 4 × 16 × 256 × 65536. எல்லாமே 2இன் அடுக்குகள், பெருக்கினால் 2³¹. அடுத்த எண்ணான 4294967296க்கும் (அது 2³²) ஒற்றைப்படை எண்கள் பாதி, அதாவது 2³¹. ஒன்று ஐந்து வெவ்வேறு பகா எண்களால் ஆனது. மற்றது வெறும் 2களால் ஆனது. இருந்தும் எண்ணிக்கை ஒன்று. இந்த 2³¹ ஏன் முக்கியம் என்பது பின்னால் கணிதமேதை காஸ் வரும்போது தெரியும்.

ஃபெர்மாவை ஏமாற்றிய பக்கத்து வீட்டு எண்

3, 5, 17, 257, 65537 வரிசையைத் தொடர்ந்தால் அடுத்து வர வேண்டியது 2³² + 1, அதாவது 4294967297. நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி நிற்கிறது. பிரான்சில் வழக்கறிஞர் வேலை பார்த்துக்கொண்டே கணிதம் செய்த பியேர் தெ ஃபெர்மா, 1640இல் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகச் சொன்னார். நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். முதல் ஐந்தும் பகா எண்கள்; ஆறாவது மட்டும் ஏன் மாறப்போகிறது?

இதைப் பற்றி இளைஞர் ஆய்லரிடம் கடிதத்தில் கேட்டவர் கோல்ட்பாக். கேட்ட ஆண்டு 1729 (ஆமாம், ராமானுஜன் எண் என்று பெயர் பெற்ற அதே எண்தான், ஆனால் இது வெறும் தற்செயல்). 1732இல் ஆய்லர் விடை சொன்னார்:

4294967297 = 641 × 6700417

ஃபெர்மாவின் ஊகம் அதோடு விழுந்தது.

641ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? குருட்டுத்தனமாக வகுத்துக்கொண்டே போகவில்லை. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்று கண்டுகொண்டார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதி, பகா எண் அல்லாதவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை! அதிலும் 257ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம். 257 நம் 4294967295ஐ வகுக்கிறது. இரண்டு தள்ளி இருக்கும் எண்ணையும் வகுக்குமென்றால் வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும், அது நடக்காது.

இதே வடிகட்டியை 65537க்கும் போடலாம். அங்கே 64க்குப் பதில் 32. 65537இன் வர்க்கமூலம் 256 சொச்சம். அதற்குள் 32ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்கள் 97, 193 இரண்டுதான். 97ஆல் வகுத்தால் மீதி 62. 193ஆல் வகுத்தால் மீதி 110. இரண்டும் வகுக்கவில்லை. ஆகவே 65537 பகா எண். முன்னால் வைத்த சந்தேகம் தீர்ந்தது.

641 வகுக்கிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்டவும் ஒரு வழி உண்டு. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 640 + 1, 625 + 16. அதாவது 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். 641ஆல் வகுக்கும்போது மீதியை மட்டும் கவனிப்போம். 640 என்பது 641க்கு ஒன்று குறைவு. எனவே மீதிக் கணக்கில் அதை −1 என்று வைத்துக்கொள்ளலாம். 5 × 2⁷ என்பது −1 என்றால், அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸ என்பது 1. இன்னொரு பக்கம் 5⁴ என்பது 641க்கு 16 குறைவு. எனவே அது −2⁴. இடத்தில் போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³² என்பது 1. அப்படியானால் 2³² என்பது −1. 2³² + 1 என்பது 0. மீதி பூச்சியம். பத்து இலக்க எண்ணைத் தொடக்கூட இல்லை.

ஒரே இடத்தில் அடுத்தடுத்து மூன்று எண்கள்: 4294967295 ஐந்தாக உடைகிறது, 4294967296 முப்பத்திரண்டு 2களாக உடைகிறது, 4294967297 மூன்றிலக்கப் பகா எண் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு தொண்ணூறு ஆண்டு உடையாமல் நின்றது. அளவில் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

கவராயமும் அளவுகோலும்

வகுப்பில் கவராயத்தை வைத்துச் சமபக்க முக்கோணம் வரைந்திருப்போம். கோடு போட மட்டும் அளவுகோல், வட்டம் போடக் கவராயம், பாகைமானி கிடையாது. இந்த இரண்டை மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம்? 3 பக்கம், 5 பக்கம், இரண்டையும் இணைத்து 15 பக்கம், பிறகு இவற்றின் பக்கங்களையும் சதுரத்தின் பக்கங்களையும் இரட்டிப்பாக்கி வருபவை. பண்டைய கிரேக்கர்கள் இவ்வளவு அறிந்திருந்தார்கள். அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டு ஒருவரும் ஓர் அடி முன்னே போகவில்லை.

1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்த கார்ல் ஃபிரீட்ரிக் காஸ், 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். அவர் தந்த நிபந்தனையை நாம் ஏற்கெனவே தொட்டுவிட்டோம்: பக்கங்களின் எண்ணிக்கைக்கு எத்தனை சார்பகா எண்கள் உண்டோ, அது 2இன் அடுக்காக இருந்தால் அந்தப் பலகோணத்தை வரையலாம். 17க்கு அது 16. ஏழுக்கு 6; 2இன் அடுக்கு இல்லை, எனவே ஏழு பக்கம் முடியாது. முடியாது என்ற பாதியை 1837இல் வான்செல் நிறுவினார்.

4294967295க்கு அந்த எண்ணிக்கை 2³¹ என்று பார்த்தோம். ஆக, நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம் பக்கங்கள் கொண்ட ஓர் ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயத்தாலும் அளவுகோலாலும் வரைய முடியும்! கொள்கையளவில்தான். பூமத்திய ரேகை அளவுக்கு அதை வரைந்தாலும் ஒரு பக்கம் ஒன்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு, வரைய முடியும் என்று அறிந்த பலகோணங்களில் மிகப் பெரியது இதுவே.

இந்த வேலையில் இறங்கியவர்களும் உண்டு. 257 பக்கத்துக்கு 1832இல் ரிஷெலோ வழி எழுதினார். 65537 பக்கத்துக்கு ஜெர்மனியின் யோஹான் குஸ்டாவ் ஹெர்மெஸ் பத்தாண்டு உழைத்தார். 1894இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. அவருடைய கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அதை வரிவரியாகச் சரிபார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு இல்லை.

பாஸ்கல் முக்கோணத்தில் 32ஆம் வரி

வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்கள் எவை? ஐந்து பகா எண்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பெருக்கலாம், ஒன்றை ஒருமுறைக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது நம் எண்ணின் 32 வகுத்திகளில் 1ஐ நீக்கிய 31. அந்த 32 எண்களும் எதிர்பாராத ஓரிடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

பாஸ்கல் முக்கோணம் தெரிந்திருக்கும். இரு ஓரங்களிலும் 1; உள்ளே ஒவ்வோர் எண்ணும் மேலே உள்ள இரண்டின் கூட்டல். அதில் ஒற்றைப்படை எண்ணுக்கு 1 என்றும் இரட்டைப்படை எண்ணுக்கு 0 என்றும் மாற்றி எழுதி, ஒவ்வொரு வரியையும் ஓர் இரும எண்ணாகப் படியுங்கள்.

1 → 1 → 1
1 1 → 11 → 3
1 2 1 → 101 → 5
1 3 3 1 → 1111 → 15
1 4 6 4 1 → 10001 → 17
1 5 10 10 5 1 → 110011 → 51
1 6 15 20 15 6 1 → 1010101 → 85
1 7 21 35 35 21 7 1 → 11111111 → 255

1, 3, 5, 15, 17, 51, 85, 255. வகுத்திகளின் பட்டியல் அப்படியே, அதே வரிசையில். 32ஆம் வரியில் எல்லா எண்களும் ஒற்றைப்படை, முப்பத்திரண்டு 1கள். அது 4294967295.

இதில் மந்திரம் ஏதுமில்லை. பாஸ்கல் முக்கோணத்தில் அடுத்த வரி வேண்டுமென்றால், இருக்கும் வரியை ஓரிடம் தள்ளி அதனோடேயே கூட்ட வேண்டும். அதாவது 3ஆல் பெருக்குவது போன்ற வேலை, ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் 0 என்று மட்டும் வைத்துக்கொண்டு. இரண்டு வரி கீழே போவது 5ஆல் பெருக்குவதற்கு ஒப்பு, நான்கு வரி 17, எட்டு வரி 257, பதினாறு வரி 65537. ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும்வரை 1ம் 1ம் மோதிக்கொள்வதில்லை. அதனால் இது உண்மையான பெருக்கலோடு ஒத்துப்போகிறது.

33ஆம் வரியை எழுதிப் பார்த்தால் ஓரத்தில் 1, நடுவில் முப்பத்தொரு பூச்சியங்கள், மறு ஓரத்தில் 1. அது 4294967297, ஃபெர்மாவை ஏமாற்றிய அதே எண். அது 641 × 6700417 என்று உடைந்துவிடுவதால் அத்தனை பக்கம் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது. முக்கோணம் தன்பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. பலகோணங்களின் பட்டியல் 32ஆம் வரியோடு அதைவிட்டுப் பிரிகிறது.

ஃபெர்மா வரிசையில் 65537க்குப் பிறகு இன்னொரு பகா எண் கிடைத்தால் 4294967295 தன் இடத்தை இழக்கும். 65537க்கு அடுத்து வரும் இருபத்தெட்டு எண்களையும் சோதித்தாகிவிட்டது. எல்லாமே பகு எண்கள்தான். இருபத்தொன்பதாவது எண்ணில் ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள். அது பகா எண்ணா, உடையுமா என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.